"இரட்டிப்பாக்கித் தருகிறோம்" என்று வருபவர்களிடம் கேட்க வேண்டியவை

ஊர் திரும்பும் குடும்பத்தின் கையில் சில மாதங்களுக்குள் ஓரளவு பணம் சேருகிறது. மீள்குடியேற்றக் கொடுப்பனவு, வீட்டுத்திட்டத்தின் முதல் தவணை, வெளிநாட்டில் உள்ள உறவினர் அனுப்பியது என்று அது பல வழிகளில் வரும். இது உங்களுக்குத் தெரிவது போலவே பிறருக்கும் தெரியும். "வங்கியில் போட்டு என்ன கிடைக்கும்? எங்களிடம் தாருங்கள், மாதம் பத்து வீதம் வட்டி தருகிறோம்" என்று ஒருவர் உங்கள் வாசலுக்கு வரலாம். பெரும்பாலும் அவர் அந்நியராக இருக்கமாட்டார். உங்களுக்குத் தெரிந்த ஒருவரே அவரை அழைத்து வருவார்.

இந்தத் திட்டங்கள் எப்படி இயங்குகின்றன, எப்படி வெளிப்படுகின்றன, பணம் கொடுக்கும் முன் நீங்கள் எதைப் பார்க்க வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

வட்டி எங்கிருந்து வருகிறது?

ஓர் எளிய கணக்கைப் பாருங்கள். பத்துக் குடும்பங்கள் தலா 50,000 ரூபாய் கொடுக்கின்றன. சேர்ந்த பணம் 500,000 ரூபாய். மாதம் பத்து வீதம் என்றால் ஒரு குடும்பத்துக்கு 5,000 ரூபாயாக, மாதம் 50,000 ரூபாய் கொடுக்க வேண்டும். மூன்று மாதம் தவறாமல் கொடுத்தால் செலவு 150,000 ரூபாய். அது எந்த வியாபாரத்திலும் உழைத்த பணம் அல்ல. அந்தப் பத்துக் குடும்பங்களும் கொடுத்த முதலில் இருந்தே எடுத்துக் கொடுத்தது.

மூன்று மாதம் வட்டி ஒழுங்காக வந்த செய்தி ஊரில் பரவுகிறது. இன்னும் இருபது குடும்பங்கள் சேர்ந்து பத்து இலட்சம் கொடுக்கின்றன. இப்போது நடத்துபவரின் கையில் 1,350,000 ரூபாய் இருக்கிறது. ஆனால் இனி மாதாமாதம் 150,000 ரூபாய் வட்டி கொடுக்க வேண்டும். புதிதாக யாரும் சேராவிட்டால் ஒன்பது மாதத்தில் பணம் முடிந்துவிடும். நடத்துபவர் தனக்கென்று எடுத்தால் அதற்கும் முன்னரே முடிந்துவிடும். அதன் பிறகு வட்டியும் இல்லை, முதலும் இல்லை.

ஆகவே ஒன்றை மனதில் வையுங்கள்: வட்டி ஒழுங்காக வருவது நேர்மைக்குச் சான்று அல்ல. இந்த மோசடியில் ஆரம்ப வட்டி ஒழுங்காகத்தான் வரும். அடுத்தவரைச் சேர்ப்பதற்கான செலவு அது.

"ஐந்து பேரைச் சேர்த்தால் உங்களுக்குப் பங்கு" என்று சொல்லும் பிரமிட் திட்டமும் இதே வகைதான். ஒவ்வொருவரும் ஐந்து பேரைச் சேர்க்க வேண்டுமென்றால் ஆறாவது படியில் 15,625 பேர் தேவை. பதினோராவது படியில் ஏறத்தாழ நான்கு கோடியே எண்பத்தெட்டு இலட்சம் பேர் தேவை. அது இலங்கையின் மொத்தச் சனத்தொகையின் இரண்டு மடங்கிலும் கூடியது. கடைசியில் சேர்ந்தவர்கள் இழப்பது நிச்சயம்.

நம் ஊர்ச் சீட்டு இப்படிப்பட்டதல்ல. சாதாரணச் சீட்டில் எல்லோரும் போடுகிற பணமே ஒவ்வொருவருக்கும் முறை வைத்துக் கிடைக்கிறது. அங்கு பணம் பெருகும் என்று யாரும் சொல்வதில்லை.

2008இல் நடந்தவை

இத்தகைய திட்டங்களில் ஏமாறுவோர் படிப்பு இல்லாதவர்கள் என்று எண்ண வேண்டாம். நுகேகொடையில் ஆங்கில வகுப்பு நடத்திப் பெயர் பெற்றவர் சக்விதி ரணசிங்க. வைப்புப் பெறும் உரிமம் இல்லாமல், கூடிய வட்டி தருவதாகக் கூறிப் பொதுமக்களிடம் பணம் பெற்றார். 2008இல் அவர் தலைமறைவானார். 2010இல்தான் கைது செய்யப்பட்டார்.

அதே 2008 டிசெம்பரில் கோல்டன் கீ கிரெடிட் கார்ட் கம்பனி வீழ்ந்தது. அது பெயர் பெற்ற செலிங்கோ குழுமத்தைச் சேர்ந்தது. ஏறத்தாழ 9,000 பேர் அதில் இட்ட சுமார் 2,600 கோடி ரூபாய் சிக்கிக்கொண்டது. கொழும்பில் வாழ்ந்த படித்தவர்களும் ஓய்வூதியம் பெற்றவர்களும் அவர்களுள் இருந்தனர். பெரிய பெயரைப் பார்த்தார்கள். வைப்புப் பெற மத்திய வங்கியின் உரிமம் அக்கம்பனிக்கு இல்லை என்பதைப் பலர் பார்க்கவில்லை. பலர் ஒரே நேரத்தில் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது கம்பனியால் கொடுக்க முடியவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

அந்த அச்சம் அதே குழுமத்துடன் தொடர்புபட்ட செலான் வங்கிக்கும் பரவியது. அங்கும் மக்கள் பணம் எடுக்க வரிசையில் நின்றார்கள். ஆனால் அது உரிமம் பெற்ற வங்கி. மத்திய வங்கி தலையிட்டு முகாமையை இலங்கை வங்கியிடம் ஒப்படைத்தது. வங்கி மூடப்படவில்லை. உரிமம் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

கொடுக்கும் முன் கேளுங்கள்

• மத்திய வங்கியின் உரிமம் உண்டா? கம்பனிப் பதிவுச் சான்றிதழ் வைப்புப் பெறும் உரிமம் ஆகாது. உரிமம் பெற்ற வங்கிகள், நிதிக் கம்பனிகளின் பட்டியலை மத்திய வங்கி தமிழிலும் வெளியிடுகிறது. உரிமம் இன்றிப் பொதுமக்களிடம் வைப்புப் பெறுவது 2011ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க நிதித்தொழில் சட்டப்படி குற்றம்.

• அருகில் உள்ள வங்கி எவ்வளவு வட்டி தருகிறது? அதைவிடப் பல மடங்கு கூடுதலாகத் தருவதாகச் சொன்னால், அந்த இலாபம் எந்தத் தொழிலில் இருந்து வருகிறது என்று கேளுங்கள். தெளிவான பதில் இல்லையென்றால் கொடுக்க வேண்டாம்.

• "இன்றே தர வேண்டும்", "வெளியில் சொல்ல வேண்டாம்" என்கிறாரா? நேர்மையான நிறுவனம் நாளை வரை காத்திருக்கும்.

உரிமம் பெற்ற நிதிக் கம்பனியும் நட்டமடையலாம். அதனால்தான் 2010இல் வைப்புக் காப்புறுதித் திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. ஆரம்பத்தில் அதன் உச்ச எல்லை ஒருவருக்கு 200,000 ரூபாய். முழுப் பணத்தையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். தேசிய சேமிப்பு வங்கியின் வைப்புகளுக்கு அரசாங்க உத்தரவாதம் உண்டு.

வீட்டுத்திட்டப் பணத்தை எக்காரணம் கொண்டும் இதில் போட வேண்டாம். அத்திவாரம் முடியாவிட்டால் அடுத்த தவணை கிடைக்காது. ஒரு தவணையை இழப்பது வீட்டையே இழப்பதாக முடியலாம். காணிப் பத்திரம், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றை எவரிடமும் ஒப்படைக்க வேண்டாம். வெற்றுத் தாளில் ஒப்பமிடவும் வேண்டாம்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா?

மேலும் பணம் போடாதீர்கள். போன பணத்தை மீட்க வேறு ஆட்களைச் சேர்க்காதீர்கள். பிரமிட் திட்டத்தை ஊக்குவிப்பதும் வங்கித்தொழில் சட்டப்படி குற்றம். பற்றுச்சீட்டு, துண்டுப்பிரசுரம், தொலைபேசி இலக்கம், கொடுத்த திகதிகள் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். "கொஞ்சம் தருகிறோம், பற்றுச்சீட்டைத் தாருங்கள்" என்றால் மூலப் பிரதியைக் கொடுக்க வேண்டாம். பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்து அதன் இலக்கத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள். மத்திய வங்கிக்கும் எழுதுங்கள். சட்டத்தரணிக்குப் பணம் இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். வழி தெரியாவிட்டால் கிராம அலுவலரிடமோ பிரதேச செயலகத்திலோ கேளுங்கள்.

வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். நீங்கள் பேசாமல் இருக்கும் ஒவ்வொரு வாரமும் இன்னொரு குடும்பம் பணம் கொடுக்கிறது. நீங்கள் முன்வந்து சொன்னால் பக்கத்து வீட்டுக்காரரின் அத்திவாரப் பணமாவது தப்பும்.