மொழித்தகுதியும் சேர்வராயன் மலைவழக்கும்

ஒரு பேச்சினைத் தகுதியுடைய மொழியெனக் கொள்ளுதற்கு அளவுகோல் யாது? சேர்வராயன் மலையில் ஏற்காட்டைச் சூழ்ந்த ஊர்களில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் பேச்சினை முன்வைத்து இவ்வினாவை ஈண்டு ஆராய்வோம்.

‘மலையாளி’ என்னும் இப்பெயர் மலைவாழ்நர் எனப் பொருள்படுவது. மலையாள மொழியைச் சுட்டுவதன்று. இவர்தம் முன்னோர் காஞ்சியினின்று போந்தனர் என்னும் வழிவழிச் செய்தியை எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட நூலிற் குறித்துள்ளார். இவர்தம் பேச்சு தமிழின் ஒரு கிளைவழக்கு, தனக்கென எழுத்துடையதன்று. இவை பற்றி அதனைக் கொச்சையென ஒதுக்குதல் பொருந்துமா?

எழுத்தே அளவுகோலெனின், எழுத்துத் தோன்றுமுன் உலகில் மொழியே இல்லையென்றாகும். தொகையே எனின், 1971 முதல் இந்திய மக்கள்தொகைக் கணக்கில் 10,000 பேருக்குக் குறைந்தோர் பேசும் மொழிகள் பெயர் சுட்டப்பெறுவதில்லை. அது கணக்கிடுவோர் வசதியேயன்றி மொழியின் இயல்பன்று. ஒலியே எனின், அமெரிக்கச் சைகைமொழி கைவடிவு, இடம், அசைவு ஆகிய உறுப்புகளால் ஒழுங்குற அமைந்ததென வில்லியம் ஸ்டோக்கி 1960-இல் நிறுவினார். ஆகவே எஞ்சி நிற்பன இரண்டே: விதியும், அவ்விதியை வழிவழி மக்கட்கு உணர்த்தும் ஒரு சமுதாயமும்.

தனிமொழியா கிளைவழக்கா என்பது ஒரு வினா. தகுதியுடையதா என்பது பிறிதொரு வினா. திசைச்சொல்லையும் செய்யுட்சொல்லாகக் கொண்டார் தொல்காப்பியர். மலைச்சிறார் பள்ளியிற் பேசும் சொல்லைப் பிழையெனத் திருத்துமுன், அதன் விதியை ஆராய்ந்து எழுதுதல் தமிழ் மாணவர் கடனாம்.