இரண்டாவது சரணம் எங்கே போனது?

அரை நிமிஷத் துணுக்குகளாகப் பாட்டைப் பகிரும் காலத்தில், முழுப் பாட்டுக்காக ஒரு வேண்டுகோள்

கேசட் காலத்தில் எந்த ஊர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இறங்கினாலும் ஒரு ரெக்கார்டிங் கடை கண்ணில் படும். சுவர் முழுக்க எல்.பி. ரெக்கார்டு உறைகள், கண்ணாடி அலமாரியில் அடுக்கிய கேசட்டுகள், வாசலைப் பார்த்து வைத்த ஸ்பீக்கரில் எந்நேரமும் ஒரு பாட்டு. ‘சிக்ஸ்டியா, நைன்ட்டியா?’ என்று கேட்பார்கள். நோட்டுப் பேப்பரில் எழுதிக்கொண்டு போன லிஸ்ட்டைக் கொடுத்துவிட்டு வந்தால், இரண்டு மூன்று நாளில் நம் பாட்டுகள், நாம் சொன்ன வரிசையில், ஒரு கேசட்டாகக் கைக்கு வரும். காதலிக்குக் கொடுக்க, துபாய்க்குக் கிளம்பும் அண்ணன் பெட்டியில் வைக்க, அக்கா கல்யாணத்தில் மைக்செட்காரரிடம் கொடுத்துப் போடச் சொல்ல என்று ஆளாளுக்கு ஒரு காரணம் இருந்தது. தமிழ்நாடு பாட்டைப் பகிர்ந்துகொண்ட விதங்களிலேயே ஆகச் சிறந்தது அதுதான் என்பேன்.

கோவில்பட்டியில் அப்படியொரு கடையை வெகுகாலம் நடத்திய அண்ணாச்சி ஒருவரைச் சந்தித்தேன். அதே இடத்தில் இப்போது மகன் செல்போன் கடை வைத்திருக்கிறார். அண்ணாச்சி இன்னமும் பத்திரமாக வைத்திருப்பது ஒரு நீள நோட்டு. பாட்டின் முதல் வரி, படத்தின் பெயர், ரெக்கார்டு எந்த அலமாரியில் இருக்கிறது என்ற குறிப்பு, கடைசிக் கட்டத்தில் நிமிஷம், விநாடி. ஒவ்வொரு பாட்டையும் கடிகாரம் வைத்து அளந்து எழுதியிருக்கிறார். ஐந்து நிமிஷத்தைத் தாண்டியவற்றுக்குச் சிவப்பு மை.

“நைன்ட்டி கேசட்டுல ஒரு பக்கம் நாப்பத்தஞ்சு நிமிசம் தம்பி. பத்துப் பாட்டு பிடிக்கும். கூட்டிப் பாத்துத்தான் வரிசை போடணும். கடைசிப் பாட்டு பாதியில நின்னுச்சுன்னா, மறுநாள் கடை தொறக்க முன்னாடியே ஆளு வந்து நிப்பான். ‘ரெண்டாவது சரணம் எங்க அண்ணாச்சி?’ன்னு கேப்பான். காசு வாங்காம மறுபடி பதிஞ்சு குடுக்கணும். பாட்ட வெட்டுறது கடைக்கு அவமானம்லா!”

அன்று அவமானமாக இருந்தது இன்று வழக்கமாகிவிட்டது. இந்தக் கட்டுரையின் கவலையெல்லாம் அதைப் பற்றித்தான்.

துணுக்குகளின் ஆட்சி

இன்று பாட்டைப் பகிர்வது விரல் சொடுக்கும் வேலை. பகிரப்படும் பாட்டுகளின் எண்ணிக்கையை கேசட் காலத்தோடு ஒப்பிடவே முடியாது. ஆனால், பகிரப்படுவது பெரும்பாலும் பாட்டு அல்ல. பாட்டிலிருந்து நறுக்கிய அரை நிமிஷம், மிஞ்சினால் ஒரு நிமிஷம். ஸ்டேட்டஸில் அது, ரீல்ஸில் அது, குடும்பக் குழுவில் காலை வணக்கத்தோடு வருவதும் அது. பல்லவியில் எடுப்பான இரண்டு வரி, அதற்கு ஒரு நடன அசைவு, முடிந்தது கதை. முகப்பு இசை இல்லை, இடையிசை இல்லை, சரணம் இல்லை.

அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் பொங்கல் விழாவில் பாட்டுக்குப் பாட்டு வைத்தார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் எழுந்தால் பல்லவியில் நிற்கவில்லை. சரணத்துக்குள் நுழைந்து, சங்கதி பிசகினாலும் வார்த்தை பிசகாமல் பாடினார்கள். நடுவர் மணி அடித்துத்தான் உட்கார வைக்க வேண்டியிருந்தது. கல்லூரிப் பிள்ளைகள் எழுந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்த பாட்டுகள் பெரியவர்களுக்குத் தெரிந்ததைவிட அதிகம், எம்.எஸ்.வி. பாட்டு முதல் போன வாரம் வந்த பாட்டு வரை எடுத்து விட்டார்கள். ஆனால், ஒவ்வொன்றும் இரண்டாவது வரியிலேயே நின்றுபோனது. “எனக்கு இந்த பிட்டு மட்டும்தான் தெரியும் அங்கிள்” என்றாள் அருமையான குரல்வளம் கொண்ட ஒரு பெண். அவள்மேல் குற்றம் இல்லை. அவள் கைக்கு வந்து சேர்ந்ததே அவ்வளவுதான்.

நீளம் காரணம் இல்லை

‘அந்தக் காலத்தில் பொறுமை இருந்தது, இது அவசர யுகம்’ என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். அது எடுபடாது. நிமிஷத்துக்கு 78 சுற்று சுழன்ற பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று, மூன்றரை நிமிஷம்தான் பதிய முடியும். அந்தக் கட்டுக்குள் நின்றுதான் பாபநாசம் சிவன் எழுதினார், ஜி.ராமநாதன் இசையமைத்தார், எம்.கே.தியாகராஜ பாகவதர் பாடினார். நீளமான பாட்டை இரண்டு பக்கமாகப் பிரித்துப் பதிந்தார்கள். கேட்டவர்கள் எழுந்து போய்த் தட்டைத் திருப்பிப் போட்டு மிச்சப் பாட்டையும் கேட்டார்கள். மூன்று நிமிஷப் பாட்டும் முழுப் பாட்டுதான். அதிலிருந்து அரை நிமிஷத்தைக் கிள்ளி எடுத்துக்கொண்டு மிச்சத்தை எறிவதைத்தான் ஏற்க முடியவில்லை.

இலங்கை வானொலியின் நேயர்களைக் கேட்டால் முழுப் பாட்டின் அருமையைச் சொல்வார்கள். அஞ்சலட்டையில் பாட்டைக் கேட்டு எழுதிப் போட்டுவிட்டு, தன் பெயரும் ஊரும் வாசிக்கப்படும் நாளுக்காகக் காத்திருந்த கூட்டம் அது. அறிவிப்பாளர் படத்தின் பெயர், எழுதியவர், இசை, பாடியவர்கள் என்று முறையாகச் சொல்லிவிட்டுப் பாட்டை விடுவார். ஒருவர் விரும்பிக் கேட்டது ஊரெல்லாம் ஒலிக்கும். கடைசிச் சரணம் முடிந்து பல்லவி திரும்பி வரும்வரை யாரும் குமிழைத் திருக மாட்டார்கள். 1957-ல் தொடங்கிய விவித் பாரதியும் அந்தப் பழக்கத்தை வளர்த்தது. இன்று நமக்கு ஒரு பாட்டைக் கேட்க எந்தக் காத்திருப்பும் இல்லை; அப்படியும் முழுசாகக் கேட்கிறோமா?

வெட்டினால் என்ன போகும்?

பொதுவாகப் புலம்புவதைவிட, நான் பைத்தியமாகக் கேட்கும் சில பாட்டுகளை வைத்தே சொல்கிறேன்.

‘கொஞ்சும் சலங்கை’ (1962) படத்தின் ‘சிங்கார வேலனே தேவா’. கு.மா.பாலசுப்பிரமணியம் பாட்டு, எஸ்.எம்.சுப்பையா நாயுடு இசை. எஸ்.ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாயனமும் ஆபேரியில் கைகோத்து நடக்கும். கடைசிப் பகுதியில் ஸ்வரங்கள் தொடங்கும். குரல் போடும், நாயனம் திருப்பித் தரும். வேகம் ஏற ஏற எது குரல், எது நாயனம் என்று காது தடுமாறும். அந்தப் பகுதியை மட்டும் நறுக்கிப் போட்டாலும் பிரயோசனம் இல்லை. பல்லவியிலிருந்து படிப்படியாக ஏறி வந்தவருக்குத்தான் அந்த இடத்தில் மயிர்க்கூச்செறியும்.

‘திருவிளையாடல்’ (1965) படத்தில் பாலமுரளிகிருஷ்ணா பாடிய ‘ஒரு நாள் போதுமா’. எழுதியவர் கண்ணதாசன், இசை கே.வி.மகாதேவன். பல்லவி மாண்டு. போகப் போக தோடி, தர்பார், மோகனம், கானடா என்று ராகம் மாறிக்கொண்டே வரும். அந்தந்த ராகத்தின் பெயரையும் அந்தந்த இடத்து வரியிலேயே கோத்து வைத்திருப்பார் கவிஞர். துணுக்கில் வருவது முதல் ராகம் மட்டுமே. மற்ற நான்கும் சரணங்களில் இருக்கின்றன. படத்தில் இதைப் பாடும் ஹேமநாத பாகவதரின் செருக்கு எப்படி வளர்கிறது என்பதும் அங்கேதான் இருக்கிறது.

‘தளபதி’ (1991) படத்தின் ‘ராக்கம்மா கையத் தட்டு’. 2002-ல் பிபிசி உலகச் சேவை நடத்திய வாக்கெடுப்பில் முதல் பத்துக்குள் வந்த பாட்டு. இன்றைக்கும் கல்யாண வீடுகளில் இதற்கு ஆடாத கால் கிடையாது. ஆட்டமும் பாட்டமும் உச்சத்தில் இருக்கும்போது, இளையராஜா சட்டென்று எல்லாவற்றையும் அடக்கி அப்பரின் தேவாரத்தை உள்ளே கொண்டுவருவார். ஸ்வர்ணலதாவின் குரலில் சிதம்பரமே வந்து நிற்கும். பிறகு மறுபடி ஆட்டம். குத்துப்பாட்டுக்கு நடுவில் தேவாரம் வைக்க ஒரு துணிச்சல் வேண்டும்; அது பொருந்தி வர ஒரு மேதை வேண்டும். ரீல்ஸில் இந்தப் பாட்டுக்கு ஆடும் பிள்ளைகளில் பலர் அந்தத் தேவாரத்தைக் கேட்டதே இல்லை.

‘பம்பாய்’ (1995) படத்தின் ‘உயிரே’. ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் ஹரிஹரன் உருகி உருகி அழைப்பார். அந்த அழைப்புதான் எல்லா போனிலும் சுற்றுகிறது. பாட்டின் பிற்பாதியில் சித்ராவின் குரலில் பதில் வரும். பதில் வந்த பிறகுதான் அது காதல் பாட்டு. அதற்கு முன்னால் ஒருவனின் ஏக்கம் மட்டுமே. வெட்டி அனுப்புகிறவர்கள் பாட்டின் பொருளையே மாற்றி அனுப்புகிறார்கள்.

பழசுக்கு மட்டும் நேரும் கொடுமை இல்லை இது. 2021-ல் தீ, அறிவு இருவரும் பாடிய ‘என்ஜாய் எஞ்சாமி’ உலகத்தையே ஆட வைத்தது. ஆடியவர்கள் எடுத்துக்கொண்டது அந்தக் குயில் கூவலை. தேயிலைத் தோட்டங்களில் உழைத்தும் சொந்தமாக ஒரு துண்டு நிலம் இல்லாமல் போன மூதாதையரின் கதை பாட்டின் உடம்பெல்லாம் ஓடுகிறது. ஒப்பாரியின் ஈரம் அதில் இருக்கிறது. கூவலோடு நிறுத்திக்கொண்டால், சொல்ல வந்தவர்களின் வாயைப் பொத்தியது போலத்தான்.

தறியிலேயே வெட்டு

துணுக்கைக் கேட்டுவிட்டு முழுப் பாட்டைத் தேடிப் போகிறவர்களும் உண்டு. 2024-ல் ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ மலையாளப் படம் வந்தபோது, ‘குணா’வின் ‘கண்மணி அன்போடு’ புதிய தலைமுறைக்குப் போய்ச் சேர்ந்தது என்று சிலர் சுட்டிக்காட்டுவார்கள். சேர்ந்தது உண்மை. ஆனால், அந்தப் பாட்டிலிருந்து ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டு நின்றுவிட்டவர்களே என் கண்ணில் அதிகம் படுகிறார்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து வேறு. வெட்டி விற்கும் துணி என்று தெரிந்துவிட்டால் தறியிலேயே துண்டு துண்டாகத்தான் நெய்வார்கள். இசையமைப்பாளரிடம் இப்போது முதலில் கேட்கப்படுவது ‘ஹூக் எங்கே?’ என்பதுதான். ஹூக்குக்கு நடன அசைவு, அசைவுக்கு ரீல்ஸ், ரீல்ஸுக்கு லட்சக்கணக்கில் பார்வை. இந்தக் கணக்கில் இரண்டாவது சரணம் வீண் செலவு. பல புதுப் பாட்டுகளில் ஒரே சரணம்தான். சிலவற்றில் அதுவும் இல்லை. முதல் இடையிசைக்கு ஒரு மெட்டு, இரண்டாவது இடையிசைக்கு முற்றிலும் வேறொரு மெட்டு என்று வயலின்களையும் புல்லாங்குழலையும் கிதாரையும் வைத்து இழைத்த ஊர் இது. கேட்கும் காது இல்லையென்றால் அதை யார் எழுதுவார்கள், யார் வாசிப்பார்கள்? சரணத்தில்தான் கவிஞர் தன் மனசைத் திறப்பார். அந்த இடத்தையே எடுத்துவிட்டால், நாளைக்கு ஒரு கண்ணதாசனோ வாலியோ எங்கே நின்று எழுதுவது?

புதுப் பாட்டு மேல் எனக்குக் கோபம் இல்லை. இன்றைய பாடகர்களின் குரலும், ஒலிப்பதிவின் நுணுக்கமும், கானாவும் பறையும் திரைக்குள் கம்பீரமாக வந்திருப்பதும் எனக்குப் பெருமகிழ்ச்சி. அந்தத் திறமையெல்லாம் அரை நிமிஷத்துக்குள் அடைபடக் கூடாது என்பதே என் ஆதங்கம்.

என்ன செய்யலாம்?

வழி நம் கையிலேயே இருக்கிறது. பாட்டை அனுப்பும்போது முழுப் பாட்டின் லிங்க்கை அனுப்புங்கள். கூடவே இரண்டு வரி எழுதுங்கள்: எந்தப் படம், யார் இசை, யார் எழுதியது, யார் குரல். எந்த இடத்தைக் கவனிக்க வேண்டும் என்றும் சொல்லுங்கள். ‘ரெண்டாவது பிஜிஎம்ல வர்ற புல்லாங்குழலைக் கேளுடா’ என்று ஒரு நண்பன் சொன்னால், அந்தப் புல்லாங்குழல் வரும்வரை யாரும் நகர மாட்டார்கள்.

வெளியூர்ப் பயணத்தில் காரில் ஆளுக்கொரு பாட்டு என்று முறை வையுங்கள். தாத்தாவின் முறையில் பேத்தி பொறுமையாகக் கேட்கட்டும். பேத்தியின் முறையில் தாத்தா கேட்கட்டும். பாட்டு முடியும் முன்னால் அடுத்ததுக்குத் தாவக் கூடாது என்பது ஒன்றே விதி. இசையில் ஈடுபாடு இல்லாதவர்கள்கூட இந்த விதிக்குள் வந்துவிட்டால் நாலாவது பாட்டில் தலையசைக்கத் தொடங்குவார்கள்.

பள்ளி ஆண்டு விழா நடத்தும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பத்துப் பாட்டின் துண்டுகளை ஒட்டிப் பிள்ளைகளை ஆட விடாதீர்கள். ஒரே ஒரு பாட்டைத் தேர்ந்தெடுத்து, அதை முதலிலிருந்து கடைசிவரை ஆடச் சொல்லுங்கள். வரிகளின் பொருளைச் சொல்லிக் கொடுங்கள். இந்த ஆண்டு விழாவிலேயே அதைத் தொடங்கலாம். அப்படி ஆடிய பிள்ளைகள் நாளை ஒரு பாட்டை யாருக்கும் நறுக்கி அனுப்ப மாட்டார்கள்.