பெட்ரோல் டாங்கியும் ஓர் ஊசித்துளையும்



பல ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, குறிஞ்சிப்பாடியிலிருந்து வடலூர் செல்லும் சாலையில் என் மோட்டார் சைக்கிள் தானே நின்றுவிட்டது. நெய்வேலிச் சுரங்கத்தில் இரவு முறை வேலைக்குச் செல்ல வேண்டிய உறவினர் ஒருவர் பின்னால் அமர்ந்திருந்தார். டாங்கி நிறையப் பெட்ரோல் இருந்தது; தீப்பொறியிலும் குறையில்லை. அன்று காலையில்தான் டாங்கிக்குப் பூசிய புது வண்ணம் உலர்ந்தும் உலராமலும் இருக்க, அவசரமாக அதை மாட்டியிருந்தேன். ஐயத்துடன் மூடியைத் திருகியபோது, 'உஸ்' என்ற ஓசையுடன் காற்று உள்ளே பாய்ந்தது. சிறிது நேரத்தில் வண்டி கிளம்பிற்று. உறவினர் வேலைக்குப் பிந்திச் சென்றார். அவர் கோபம் தணியச் சில நாட்கள் ஆயின.

நடந்தது யாது? மூடியில் ஊசிமுனையளவு துளை ஒன்று உண்டு. மூடிக்கும் சேர்த்து வண்ணம் பூசியபோது அது அடைபட்டுவிட்டது. 1955இல் சென்னையில் தொடங்கிய என்பீல்டு இந்தியா நிறுவனத்தின் புல்லட் போன்ற பழைய வண்டிகளில், பெட்ரோல் தன் எடையினாலேயே கார்புரேட்டருக்கு இறங்குகிறது. இறங்கிய பெட்ரோலின் இடத்தை நிரப்ப வெளிக்காற்று நுழைய வேண்டும். வழி அடைபட்டால் உள்ளிருக்கும் காற்று விரிந்து, அதன் அழுத்தம் குறையும். இது 1662இல் பாயில் வெளியிட்ட விதியே. 30 செ.மீ. உயரமுள்ள பெட்ரோல் தரும் அழுத்தம், வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ 50இல் ஒரு பங்குதான். ஆகவே உள்ளழுத்தம் அவ்வளவு குறைந்தாலே போதும், பெட்ரோல் இறங்காமல் நின்றுவிடும். டாங்கி நிறைந்திருந்தால் காற்றிருக்கும் இடம் சிறிது. எனவே விரைவிலேயே நிற்கும். எண்ணெய் டின்னில் ஒரே துளையிட்டு ஊற்ற முயன்றவர்கள் இதனை அறிவார்கள்.

இனி மாட்டும் முறைக்கு வருவோம். தொட்டால் ஒட்டாத வண்ணம் வேறு, இறுகிய வண்ணம் வேறு. தின்னர் முற்றும் வெளியேறும் முன் பெட்ரோல் ஒரு துளி சிந்தினாலும் பூச்சு சுருங்கிக் கெடும். ஆதலின் நிழலில் ஒரு வாரமேனும் காய விடுக. இடைக்காலத்தில் வெறுமையான டாங்கியின் உட்புறம் துருப்பிடிக்கும். கடற்காற்று எட்டும் நம் கடலூர் மாவட்டத்தில் இது இன்னும் எளிது. பெட்ரோல் காக்கைப் பொருத்துமுன் சிறிது பெட்ரோல் விட்டு அலசிக் கொட்டிவிட வேண்டும். காக்கின் மரையில் படிந்த வண்ணத்தையும் அகற்றுக. அகற்றாவிடில் அது பெட்ரோலில் ஊறி, செதிலாகப் பெயர்ந்து, கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைக்கும். காக்கின் வாஷர் ஒவ்வொரு முறையும் புதிதாக இருத்தல் நலம். காக்கை முதலில் கையாலேயே திருகி, மரை நேராக ஏறிய பின்னரே ஸ்பானரை எடுக்க வேண்டும்.

டாங்கி வண்டிச் சட்டத்தின்மீது நேரே அமர்வதில்லை. ரப்பர் மெத்தைகளின்மீது அமர்கிறது. அவற்றை விட்டுவிட்டால் இன்ஜினின் அதிர்வு தகட்டைத் தாக்கி, நாளடைவில் பற்றவைத்த இடங்களில் வெடிப்பு உண்டாக்கும். மாட்டியதும் கைப்பிடியை இருபுறமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். மின்கம்பி டாங்கியின் அடியில் நசுங்கியிருந்தால் உறை தேய்ந்து பொறி எழலாம். பெட்ரோலுக்கு நேர் கீழே எழும் பொறி எத்தகையது என்று நான் விரிக்கத் தேவையில்லை.

பெட்ரோல், பூஜ்யத்திற்குக் கீழே 40 பாகை செல்சியஸ் அளவுக் குளிரிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியைத் தருவது. அவ்வாவி காற்றைவிடக் கனமானது; தரையோடு தவழ்ந்து அடுத்த அறை அடுப்பு வரை செல்லும். அதனால் இவ்வேலையைத் திறந்த வெளியில், பகல் வெளிச்சத்தில் செய்க. வெறும் டாங்கி அபாயமற்றது என்பது தவறான எண்ணம். நிறைந்ததைக் காட்டிலும், காற்றும் ஆவியும் கலந்த வெறும் டாங்கியே வெடிப்பதற்கு ஏற்றது. பற்றவைக்கும் பட்டறைக்கு அதை அப்படியே கொடுக்கலாகாது.

அரை லிட்டர் பெட்ரோல் மட்டும் ஊற்றி, காக்கின் அடியில் செய்தித்தாள் ஒன்றை விரித்து அரைமணி நேரம் காத்திருங்கள். தாளில் கறை விழவில்லையெனில் மேலும் ஊற்றலாம். மூடித் துளையில் ஊசியைச் செலுத்திப் பார்த்த பிறகு வண்டியைக் கிளப்புங்கள்.