கொல்லிப்பாவையின் மலையில் ஜாம்பிச் சிரிப்பு

அச்சமும் சிரிப்பும் ஒன்றுக்கொன்று பகை என்று எண்ணுவது உலக வழக்கமாயினும், 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறவேண்டிய கொல்லிமலையில், ஆலத்தூர் நாடு முதலிய மலைநாட்டு ஊர்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அவ்வெண்ணம் அவ்வளவாகப் பொருந்தாது. சங்கப் புலவர்கள் பாடிய கொல்லிப்பாவை இந்த மலைக்குரியவள். கண்டவரைச் சிரிப்பினால் மயக்கி அருகே இழுத்து உயிரை வாங்கிவிடுவாள் என்பது வழிவழியாக வரும் ஐதிகம். ஆகவே, பிணங்கள் எழுந்து மனிதரைக் கடிக்க, பார்ப்பவர்கள் வயிறு குலுங்கச் சிரிக்கும் ஜாம்பி நகைச்சுவைப் படம் மேல்நாட்டுச் சரக்கேயானாலும், அதன் ரசம் நமக்குப் புதியதன்று.

செத்தும் சாகாமல், புத்தி மழுங்கி, பசி ஒன்றையே உணர்ந்து கூட்டங்கூட்டமாக அலைவதும், கடிபட்டவனையும் தன் ஜாதியாக்கிக்கொள்வதும் ஜாம்பியின் லட்சணங்கள். ஜார்ஜ் ரொமேரோ 1968இல் எடுத்த படம் இவ்வகைக்கு வழிகாட்டி. 2004இல் வந்த ‘ஷான் ஆஃப் தி டெட்’ அதில் ஹாஸ்யத்தைக் கலந்து வெற்றி கண்டது. 2009இல் ‘ஜாம்பிலேண்ட்’ பின்தொடர்ந்தது. நம் நாட்டில் 2013இல் ‘கோ கோவா கான்’ இந்தியிலும், 2016இல் ஹாஸ்யத்தைவிட அச்சத்தையே நம்பிய ‘மிருதன்’ தமிழிலும் வந்தன. யோகி பாபு நடித்த ‘ஜாம்பி’ வெளியான 2019ஆம் ஆண்டிலேயே, ‘ஜாம்பிலேண்ட்’ படத்தின் இரண்டாம் பாகமான ‘டபுள் டேப்’பும் திரைக்கு வந்தது.

முதற்படத்தை இயக்கிய ரூபன் ஃப்ளீஷரே, வுடி ஹாரல்சன், ஜெஸ்ஸி ஐசன்பெர்க், எம்மா ஸ்டோன், அபிகேல் பிரெஸ்லின் ஆகிய அதே நால்வரைக் கொண்டு பத்தாண்டு கழித்து எடுத்த இப்படத்தைப் பற்றி அபிப்பிராயங்கள் இரண்டுபட்டன. பழைய ஹாஸ்யத்தையே சுடவைத்துப் பரிமாறியிருக்கிறார்கள் என்றனர் ஒரு சாரார். பழகிய முகங்களை மீண்டும் பார்ப்பதே போதுமான ஆனந்தம் என்றனர் மறு சாரார். முதற்படம் உலகெங்கும் சுமார் 10 கோடி டாலரும், இரண்டாவது 12 கோடி டாலருக்கு மேலும் வசூலித்தன. ஆனால் வசூலைக் கொண்டு ரசனையை அளந்துவிட முடியாது.

நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்றும், அச்சத்துக்கு அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்றும் நந்நான்கு காரணங்களை வகுத்தார் தொல்காப்பியர். இரண்டாம் பாகம் தொடங்கும்போதே அணங்கின் அச்சம் பாதி தீர்ந்துபோகிறது. எங்கே சுட்டால் ஜாம்பி சாகும் என்பது கொட்டகையிலுள்ள குழந்தைக்கும் தெரியும். எஞ்சுவது நகை ஒன்றே. வணிக வளாகத்துக் குளிரறையில் ஒளிந்து உயிர் பிழைத்த மாடிசனாக ஸோயி டாய்ச் வந்ததும், பேதைமையும் மடனும் உருவெடுத்து வந்தாற்போலப் படம் நிமிர்ந்துகொள்கிறது. வழியில் அவள் வாந்தியெடுத்துத் தள்ளாட, ஜாம்பி நோய்தான் தொற்றிவிட்டதென்று ஐசன்பெர்க் நடித்த கொலம்பஸ் அவளைத் தனியே அழைத்துச் செல்கிறான்; துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது; அவள் கதை முடிந்ததென்று நாம் நினைத்திருக்க, பின்னர் ஐஸ்கிரீம் வண்டியை ஓட்டிக்கொண்டு உற்சாகமாக வந்து சேருகிறாள். வந்தது கொட்டைப் பருப்பு ஒவ்வாமையாம்!

இரண்டாம் பாகத்தில் அச்சம் தீர்ந்துபோகும் சங்கடம் நம்முடைய பேய்ப் படங்களுக்குக் குறைவு. 2007இல் வந்த ‘முனி’யைத் தொடர்ந்து 2011இல் ‘காஞ்சனா’ வந்தபோது, புதிய பேயும் அதற்கென்று புதிய துயரக் கதையும் கிடைத்தன. நம் பேய்க்குப் பெயருண்டு, நினைவுண்டு, தீராத வஞ்சமுண்டு. ஜாம்பிக்கோ இவற்றில் ஒன்றுமில்லை. இந்தக் குறையை உணர்ந்துதான் போலும், ‘டபுள் டேப்’ எடுத்தவர்கள் மந்தபுத்தியுள்ள ஜாம்பிக்கு ஹோமர் என்றும், சாமர்த்தியசாலிக்கு ஹாக்கிங் என்றும், ஓசையின்றி வருவதற்கு நிஞ்சா என்றும் பெயரிட்டு இனம் பிரித்தார்கள். இதே யுக்தியைக் கலிங்கத்துப் பரணியில் செயங்கொண்டார் எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே கையாண்டு, போர்க்களத்தில் கூழ் சமைத்த பேய்களுக்குள் குருட்டுப் பேய், ஊமைப் பேய், கனாக் கண்ட பேய் என்று பந்தி வைத்துவிட்டார். ஆனால் பெயரிட்டதோடு அவர் நிற்கவில்லை. ஒவ்வொரு பேய்க்கும் அதனதன் சுபாவத்துக்கேற்பக் கூழ் வார்க்கச் செய்தார். ‘டபுள் டேப்’ பெயரிட்டதோடு பெரும்பாலும் நின்றுவிட்டது.

ஆகையால் என் தீர்ப்பு இது: ‘டபுள் டேப்’ ஒருமுறை பார்த்துச் சிரிக்கத் தக்க படமே, ஆயினும் மாடிசனை நீக்கிவிட்டால் முதற்பாகத்துக்கு மேல் அதில் அதிகமில்லை. ‘மிருதன்’ இரண்டாம் பாகத்துக்கு இடம் வைத்தே முடிந்தது; அதையோ அதுபோன்ற வேறொன்றையோ தமிழில் எடுக்க முற்படுகிறவர்கள் பிணங்களின் எண்ணிக்கையைப் பெருக்குவதில் பணத்தைச் செலவிடுவதற்கு முன், பரணியின் கூழ்ப் பந்தியை ஒருமுறை படித்துப் பார்ப்பது நலம்.