சோற்றைக் குறைத்தால் கொழுப்புக் குறையுமா?

புத்தூரின் செம்மண் தோட்டங்களில் முன்னர் துலா மிதித்தே கிணற்றுநீர் இறைக்கப்பட்டது. விடியுமுன் துலாவில் ஏறி, பின் வெங்காயத் தறைக்குத் தண்ணீர் மாறியவருக்கு ஒரு நீத்துப்பெட்டிப் பிட்டு அளவான உணவே. இன்று அவ்வேலையை இயந்திரம் செய்கின்றது. சைக்கிளின் இடத்தை மோட்டார் சைக்கிள் பிடித்துவிட்டது. ஆனால் காலையில் இடியப்பம் அல்லது பாண், மதியம் சோறு, இரவில் பிட்டு என்ற எமது ஒழுங்கு மாறவில்லை. 2018-19இல் நாடளாவிய ரீதியில் நடைபெற்ற ஆய்வொன்றில் வளர்ந்தவர்களுள் ஐந்தில் ஒருவருக்கு மேல் நீரிழிவு காணப்பட்டது.

உடல் எவ்வாறு சேமிக்கின்றது?

நாம் உண்ணும் மாப்பொருள் சமிபாடடைந்து குளுக்கோசாக இரத்தத்தில் சேர்கின்றது. சதையி சுரக்கும் இன்சுலின் அதனைக் கலங்களுக்குள் செலுத்துகின்றது. உடனடித் தேவைக்கு மிஞ்சியது கிளைக்கோசனாக ஈரலில் ஏறத்தாழ 100 கிராமும், தசைகளில் 400 கிராம் வரையும் சேமிக்கப்படும். இது கைச்செலவுப் பணம் போன்றது. அதற்கும் மேற்பட்ட சக்தி கொழுப்பாக வைப்பிலிடப்படுகின்றது. ஒரு கிராம் மாப்பொருள் 4 கிலோ கலோரி தர, ஒரு கிராம் கொழுப்பு 9 தருகின்றது. பஞ்ச காலத்தைத் தாண்ட உடல் கண்ட வழி இது.

உடல் முதலில் மாப்பொருளையே எரிக்கின்றது. ஆகவே வயிறு நிறையப் பிட்டு உண்ணும்போது, அதிலுள்ள தேங்காய்ப்பூவின் கொழுப்பும் கறியின் எண்ணெயும் எரியாமல் தேங்கிவிடுகின்றன. தென்னாசியரான எமக்கு அது வயிற்றிலும் ஈரலிலும் எளிதிற் சேர்வதால், மெலிந்தவர்போற் தோன்றுபவருக்கும் நீரிழிவு வருகின்றது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரையும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரையும் தாண்டினால் கவனம் தேவை.

மாப்பொருள் குறைந்த உணவு

இது புதிய முறையன்று. இலண்டனைச் சேர்ந்த வில்லியம் பான்ரிங் என்பவர் 1863இலேயே இதுபற்றிச் சிறுநூல் வெளியிட்டார். அண்மைக் காலத்தில் தமிழ்நாட்டில் 'பேலியோ' என்ற பெயரில் இது பரவியது. முதல் வாரத்தில் இரண்டு மூன்று கிலோ குறைவதைக் கண்டு பலர் வியப்பர். அதிற் பெரும்பகுதி நீராகும். ஒரு கிராம் கிளைக்கோசனுடன் ஏறத்தாழ மூன்று கிராம் நீர் சேர்ந்திருப்பதே காரணம். கொழுப்புக் கரைவது அதன் பின்னரே, அதுவும் மொத்த உணவு குறைந்தால் மட்டுமே. அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகம் 609 பேரைக் கொண்டு நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், மாப்பொருளைக் குறைத்தவர்களும் கொழுப்பைக் குறைத்தவர்களும் ஓராண்டில் சராசரியாக 5 முதல் 6 கிலோ வரையே குறைந்தனர். இரு பிரிவினருக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இருக்கவில்லை.

நாம் செய்யக்கூடியவை

சோற்றை அடியோடு கைவிட வேண்டியதில்லை. தட்டின் பாதியை முருங்கையிலை, வல்லாரை, கத்தரிக்காய் போன்ற இலைகறி, மரக்கறிகளாலும், காற்பங்கை மீன், முட்டை, பயறு, கடலையாலும் நிரப்புவோம். மிகுதிக் காற்பங்கே சோற்றுக்கு. குரக்கன் பிட்டையும் ஒடியற் கூழையும் நீரிழிவுக்காரர் எவ்வளவும் உண்ணலாம் என்பது தவறான எண்ணம். அவையும் மாப்பொருளே. அளவே முக்கியம். தேநீருக்குச் சீனியைக் குறைப்போம். தோட்டத்துக்கும் கடைக்கும் இயன்றவரை நடந்து போவோம்.

ஒன்றை மறத்தலாகாது. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் வைத்தியரைக் கேளாமல் திடீரெனச் சோற்றை நிறுத்தினால் இரத்தச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கி மயக்கம் ஏற்படலாம். சிறுநீரக நோயாளரும் கர்ப்பிணித் தாய்மாரும் அவ்வாறே முதலில் ஆலோசனை பெறவேண்டும். வெளிநாட்டு உறவினர் தொலைபேசியிற் சொல்லும் உணவுமுறையைத் தொடங்குமுன், கிளினிக் கொப்பியுடன் வைத்தியரைச் சந்திப்போம்.