முதற் கூட்டத்தின் முதல் அரை மணி

நெசவாளரும் பருத்தி பயிரிடுவோரும் சேர்ந்து ஒரு குழு அமைத்தால், முதற் கூட்டத்தில் பெரும்பாலும் நிகழ்வது யாது? நெசவாளர் ஒரு பக்கம் அமர்வர். உழவர் மறு பக்கம் அமர்வர். தலைவர் நெடுநேரம் பேசுவார்; தீர்மானம் நிறைவேறும். ஆயினும் ஒருவர் தொழிலை மற்றவர் அறியாமலே வீடு திரும்புவர். பின்னர் விலை பற்றிய பேச்சு எழும் நாளில், இவ்வறியாமையே ஐயமாக முளைத்துச் சங்கத்தைப் பிளக்கும். ஆகவே, முதல் அரை மணி நேரத்தை அறிமுகத்திற்கென்றே ஒதுக்குதல் நலம். அதற்கு மூன்று எளிய முறைகள் உள்ளன.

முதலாவது, இணை அறிமுகம். ஒரு நெசவாளரும் ஓர் உழவரும் அருகருகே அமர்ந்து, ஒருவரையொருவர் மூன்று கேள்விகள் கேட்கட்டும்: உங்கள் வேலையில் கடினமானது எது? எந்த மாதத்தில் கையில் பணம் இராது? உங்கள் தொழிலைப் பற்றிப் பிறர் தவறாக எண்ணுவது எது? பின்னர் ஒவ்வொருவரும் தம்மைப் பற்றியன்றித் தம் இணையைப் பற்றியே சபையில் கூற வேண்டும். பிறரைப் பற்றிக் கூறவேண்டுமெனில், அவர் சொல்வதைக் கவனித்துக் கேட்டே தீர வேண்டுமன்றோ?

இரண்டாவது, பொருளை நடுவில் வைத்தல். வெடித்த பருத்திக் காய், ஒரு சிட்டம் நூல், ஒரு முழம் துணி ஆகியவை கைமாறிச் செல்லட்டும். அவற்றில் தாம் முதலில் நோக்கும் குறை எதுவென்று ஒவ்வொருவரும் சொல்லட்டும். ஒரு ராத்தல் எடைக்கு 840 கெஜச் சிட்டங்கள் எத்தனை நிற்கின்றனவோ, அதுவே பருத்தி நூலின் நம்பர். 100 ஆம் நம்பர் எனில் ஒரு ராத்தலில் 84,000 கெஜம். அத்துணை மெல்லிய நூலுக்கு நீண்ட இழைப் பருத்தி ஏன் வேண்டும் என்பது, நூலைத் தொட்டுப் பார்க்கும் உழவருக்கு எளிதில் விளங்கும்.

மூன்றாவது, ஒரு சொல்லை ஆராய்தல். 'ஈரம்' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். காய் வெடிக்கும் பருவத்தில் பெய்யும் மழை, பஞ்சின் நிறத்தைக் கெடுத்து உழவரின் விலையைக் குறைக்கும். நெசவாளருக்கோ காற்றில் ஈரம் குறைந்தால் பாவு இழை அடிக்கடி அறும். ஒருவர் அஞ்சுவதை மற்றவர் விரும்புகிறார் என்பது இங்கே புலனாகும்.

சில எச்சரிக்கைகள்: தலைவர் கடைசியாகப் பேசுக. எழுத்தறியாதவரை எழுதச் சொல்லி நாணச் செய்யற்க. முதியோரைச் சிறுவர் விளையாட்டுகளில் இழுக்கற்க. பெண் அங்கத்தினர் பேசுவதற்கும் சம வாய்ப்பளிக்க. கேட்டறிந்த இடர்களைக் குறிப்பேட்டில் பதிந்து, அடுத்த கூட்டத்தில் அவற்றையே முதற் பொருளாக எடுத்துக்கொள்க. அவ்வாறு செய்யாவிடில் இவையெல்லாம் வெறும் பொழுதுபோக்காக முடியும்.

1844 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராக்டேல் நகரில் கூட்டுறவுக் கடை தொடங்கியோரில் நெசவாளரோடு வேறு தொழிலினரும் இருந்தனர். பல தொழிலினர் கூடுவது கூட்டுறவுக்குப் புதிதன்று. கூடியோர் ஒருவரையொருவர் அறிந்திருக்க வேண்டும் என்பதே நாம் வேண்டுவது. பங்குத் தொகையைச் சேர்க்குமுன் அறிமுகத்தைச் சேர்ப்போமாக.