உங்களுக்குத் தெரியுமா? தேங்கிய இரத்தமும் சீன வைத்தியமும்

கருப்பையின் உட்சவ்வை ஒத்த திசு கருப்பைக்குப் புறத்தே வளர்ந்து, மாதவிடாய்தோறும் தாங்கொணா வேதனையை விளைவிக்கும் எண்டோமெட்ரியோசிஸ் என்னும் வியாதிக்குப் பழைய சீன வைத்திய நூல்களில் தனிப்பெயர் கிடையாது. ஆயினும், அடிவயிற்று வலி, கட்டி, மகப்பேறின்மை முதலிய லட்சணங்களைத் தலைமுறை தலைமுறையாகக் கவனித்து வந்த அவ்வைத்தியர்கள், இவற்றுக்கெல்லாம் இரத்தத் தேக்கமே பிரதான காரணம் என்று நிச்சயித்தனர். குளிர்ச்சியால் உறைந்தோ, மனக்கிலேசத்தால் ‘ச்சீ’ என்னும் பிராணசக்தி தடைப்பட்டோ இரத்தம் தேங்கக்கூடுமாதலின், ஒரே வியாதிக்கும் ஆளுக்கேற்ப மருந்து மாறும்.

கி.பி. 200-ஐ ஒட்டி வாழ்ந்த சீன வைத்தியர் சாங் சுங்ஜிங், கருப்பைக் கட்டிக்கென விதித்த மருந்து இன்றும் வழக்கிலிருக்கிறது. சீன இலவங்க மரத்தின் இளங்கிளை, பைன் வேரில் விளையும் ஒருவகைப் பூஞ்சை, இருவகைப் பியோனிச் செடிகளின் வேரும் வேர்ப்பட்டையும், பீச் விதைப் பருப்பு ஆகிய ஐந்தையும் சம அளவில் பொடித்துத் தேனில் உருட்டி, உணவுக்குமுன் தினம் ஒன்றாகத் தொடங்கி, குணம் தெரியாவிடில் மூன்றுவரை கொடுப்பர். உருண்டையின் பருமனை முயற்புழுக்கை அளவென்று கூச்சமின்றிக் குறித்திருக்கிறார் அம்மகான்! 1830-ல் நூல் வெளியிட்ட மற்றொரு சீன வைத்தியர் வாங் ச்சிங்ரென், அடிவயிற்றுத் தேக்கத்தை விரட்டவென்றே ஒரு கஷாயத்தை வகுத்தார்.

மாதவிடாய் இரத்தம் பின்னோக்கிப் பாய்வதே எண்டோமெட்ரியோசிஸின் தோற்றுவாய் என்று அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்ஸன் 1927-ல் கூறியது சீனக் கருத்தின் எதிரொலிபோலத் தோன்றினும், இரண்டும் வெவ்வேறு தர்க்கத்தில் பிறந்தவை. இவ்வியாதிக்குச் சீன மூலிகை மருந்துகள் பயன்படுமா என்று ஆராய்ந்து 2012-ல் வெளியான கொக்ரேன் மருத்துவ மதிப்பாய்வு ஏற்ற பரிசோதனைகளோ மொத்தம் 158 பெண்களைக் கொண்ட இரண்டு மட்டுமே.